அக்காவின் மடிக்கணினி

'பதறாத காரியம் சிதறாது' என்பர் பெரியோர். பள்ளிக் கட்டுரைகளில் இப்பழமொழியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் பொருளை உணர்ந்ததோ, 2025ஆம் ஆண்டுக் கார்த்திகைத் தீபத்துக்கு முந்திய வாரத்தில்தான்!

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், நகரத்துக்கு மறுபுறம், மலையின் பின்முகத்தைப் பார்த்திருக்கும் சிற்றூர். பாதையோரம் என் தந்தை இளநீர் விற்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறியிருக்க வேண்டியவள் என் அக்கா. 2019இல் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்தாள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் விலையில்லா மடிக்கணினியும் பெற்றாள். எங்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். ஆனால் அவ்வாண்டு அப்பாவுக்குக் காலில் அடிபட்டது. அக்கா செய்யாற்றுப் பக்கம் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். மடிக்கணினி டிரங்குப் பெட்டிக்குள் போனது. நான் கல்லூரியில் சேர்ந்த அன்று, "இனி இது உனக்குத்தான், தம்பி" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அதில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஓராண்டு நீட்டித்துப் பெறலாம். அதன் பிறகு? விண்டோஸ் 11க்கு மாறலாம் என்று எண்ணிச் சோதித்தேன். 'இந்தக் கணினி தகுதி பெறவில்லை' என்று விடை வந்தது. நினைவகம் 4 ஜி.பி. இருந்தது, அது போதும். ஆனால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லைக் காணவில்லை. செயலியும் நிறுவனம் ஏற்ற பட்டியலில் இல்லை. ஒரு பழுதும் இல்லாமல் ஓடுகிற கணினி தகுதியற்றதா? எனக்கு ரோஷம் பிறந்தது.

வழி இருந்தது. ரூஃபஸ் என்றோர் இலவச மென்பொருள் உண்டு. விண்டோஸைப் பென்டிரைவில் ஏற்றும்போதே, சில்லைத் தேடும் சோதனையை அது நீக்கிக் கொடுக்கும். 5 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு என் கைப்பேசியின் அன்றாட டேட்டாவுக்குள் அடங்கவில்லை. நகரத்திலுள்ள நண்பன் வீட்டில் இறக்கிக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு வெளியே பக்தர்கள் நடந்துகொண்டிருந்தனர். பேட்டரி செத்துப் பல காலம் ஆகிவிட்டதால், நடுவில் கரண்ட் போனால் எல்லாம் பாழ். அந்த அவசரத்தில், வட்டில் இருந்த பகுதிகள் அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். நள்ளிரவு தாண்டி விண்டோஸ் 11இன் நீலத்திரை மலர்ந்தபோது என் மனம் துள்ளிய துள்ளலை என்னென்பது!

ஞாயிறன்று அக்கா வந்தாள். பெருமையோடு காட்டினேன். சற்று நேரம் பார்த்தவள் கேட்டாள்: "அதுல என் படமெல்லாம் வெச்சிருந்தேனே, எங்கேடா?"

பதில் சொல்ல நா எழவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி, போகட்டும்" என்று எழுந்து சமையலறைக்குள் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். "உடனே கணினியை அணைத்துவிடு, இனி அதில் ஒரு வரியும் எழுதாதே" என்றார். நூலகத்தின் அட்டவணையைக் கிழித்துவிட்டாலும் நூல்கள் அலமாரியில்தானே இருக்கும்? வட்டும் அப்படித்தான். அழிப்பது அட்டவணையை மட்டும். பழைய தகவலின் மேல் புதியது எழுதப்படும்போதுதான் அது உண்மையில் மறைகிறது. 500 ஜி.பி. வட்டில் புதிய விண்டோஸ் பிடித்த இடம் சிறு பகுதியே.

வட்டைக் கழற்றி ஆய்வகக் கணினியில் பொருத்தி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டோம். கிடைத்தவற்றுக்குப் பெயர்களே இல்லை, எண்கள்தாம். ஆயிரக்கணக்கில் குவிந்தன, பெரும்பாலானவை குப்பை. இரண்டு நாள்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பள்ளி ஆண்டு விழாவில் அக்கா பரிசு வாங்கும் படம் கிடைத்தது. மதிப்பெண் பட்டியலின் படம் கிடைத்தது. அதற்கடுத்து, அவள் கையெழுத்தில் நிரப்பிய ஒரு விண்ணப்பப் படிவம். மேலே இருந்தது நம் கல்லூரியின் பெயர்!

அக்கா இங்கே படிக்க விரும்பியதும், விண்ணப்பம் வரை வந்து நின்றதும் அன்றுதான் எனக்குத் தெரியும். எவரிடமும் அவள் சொன்னதில்லை. ஆய்வகத்தில் யாரும் பார்க்காமல் கண்களைத் துடைத்துக்கொண்டேன்.

எல்லாப் படங்களும் மீளவில்லை. கிடைத்தவற்றை இரண்டு பென்டிரைவ்களில் பதிந்து அவளிடம் கொடுத்தேன். மடிக்கணினி இப்போது சற்று மெதுவாகவேனும் விண்டோஸ் 11இல் ஓடுகிறது. அதிகாரப்பூர்வமாக ஏற்கப்படாத கணினி என்பதால் நிறுவனம் பொறுப்பேற்காது. ஆண்டுதோறும் வரும் பெரிய மாற்றங்களை நானேதான் ஏற்ற வேண்டும். இவ்வழியில் இறங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் படியெடுத்து வையுங்கள். அதற்கும் முன்னால், அந்தக் கணினிக்கு உரியவரைக் கேளுங்கள்.

சென்ற மாதம் அதே கணினியில் அக்காவும் நானும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடப்பிரிவுகளைப் பார்த்தோம். "இந்த வயசுல எனக்கெதுக்குடா?" என்றாள். அவளுக்கு வயது 24.

மீட்டெடுத்த மதிப்பெண் பட்டியலை நான் திறந்து வைத்தேன். அவள் அதை மூடவில்லை.