கையளவு நாய்

நம் சங்கத்து இதழில் நாயைப் பற்றி எழுத நேருமென்று நான் எண்ணியதில்லை. ஊரில் எங்கள் வீட்டு நாய் வாசலில் கிடக்கும். மீந்த சோற்றைத் தின்னும். மழை வந்தால் திண்ணையோரம் ஒண்டும். அதைத் தனியே பேண வேண்டுமென்று எவரும் நினைத்ததில்லை. அந்தப் பழக்கத்தோடு தில்லிக்கு வந்தவன் நான். சென்ற மார்கழியில் என் மகள் ஒரு கூடையில் யார்க்ஷயர் டெரியர் குட்டியொன்றைக் கொண்டுவந்தபோது, “இது நாயா, பொம்மையா?” என்றுதான் கேட்டேன். மணி என்று பெயரிட்டோம்.

பொம்மை என்றது பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து நெசவாளர் பலர் பிழைப்பைத் தேடி இங்கிலாந்தின் வடக்கிலுள்ள யார்க்ஷயர் ஆலைகளுக்குக் குடிபெயர்ந்தனர். எலி பிடிக்கும் தங்கள் சிறு நாய்களையும் உடன் கொண்டுவந்தனர். அவற்றின் வழி வந்தது இவ்வினம். 1865-இல் பிறந்த ஹட்டர்ஸ்ஃபீல்ட் பென் என்னும் நாயை இதன் மூலபுருஷன் என்பர். ஊறுகாய்ச் சாடியைச் சுமந்து ரயிலேறிய நமக்கு அந்நெசவாளர் அந்நியராகத் தோன்றுவதில்லை. வளர்ந்த நாயே 3.2 கிலோவுக்கு மிகலாகாது என்பது இனவிதி. தைரியத்துக்கோ அளவில்லை, எங்கள் பால்காரர் இன்றும் வாசற்படி ஏறத் தயங்குகிறார்.

தை மாதத்தில் ஓரிரவு மணி உணவைத் தொடவில்லை. மகள் கவலைப்பட்டாள். “பசித்தால் தானே தின்னும், போய்ப் படு” என்றேன். விடியலில் குட்டி துவண்டு கிடந்தது. தூக்கினால் தலை தொங்கியது, உடல் சில்லிட்டிருந்தது. மிருக வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தோம். “தேனை விரலில் தொட்டு ஈறுகளில் தடவுங்கள், வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கம்பளியில் சுற்றி உடனே கொண்டுவாருங்கள்” என்றார் அவர். என் மனைவி தடவினாள். சற்று நேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் ஒரு கால் அசைந்தது. மூடுபனியில் வண்டி தேடி ஓடினோம்.

இத்தனை சிறிய உடலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவாம். ஒருவேளை உணவு தவறினாலே குட்டிக்கு இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். குளிரும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். நாளைக்கு நான்கு வேளை சிறிது சிறிதாக ஊட்டச் சொன்னார். நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். மகள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்றுமுதல் பேணும் பொறுப்பு எனதாயிற்று. இதன் மயிர் பட்டுப்போன்ற ஒற்றை அடுக்கு. குளிரைத் தாங்கும் உள்மயிர் கிடையாது. நாள்தோறும் சீவாவிடில் சிக்குண்டுவிடும். மூச்சுக்குழல் மென்மையானது, ஆகவே கழுத்துப்பட்டையை விலக்கி, மார்பைச் சுற்றிக் கட்டும் வாரையே பூட்டுகிறேன். பாற்பற்கள் விழாமல் நின்றுவிடுவதும் உண்டு. வாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் இன்னோர் எச்சரிக்கை: சாம்பார் சாதத்திலுள்ள வெங்காயமும் பாயசத்திலுள்ள உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு. அண்டைவீட்டு அம்மாமார்கள் அன்போடு கிண்ணத்தை நீட்டும்போது மறுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது.

மணிக்கு இப்போது எட்டு மாதம். பிறக்கையில் கருத்திருந்த முதுகு எஃகின் நீலத்துக்கு மாறி வருகிறது. தேன்குப்பி இன்னும் கூடையருகிலேயே இருக்கிறது. அதைச் சமையலறைக்கு எடுத்துச் செல்ல நான் விடுவதில்லை.