பெயர் வரவில்லை

போன வாரம் தோணிரேவில் ஒரு பையன் “வணக்கம் சார்” என்றான். பையன் என்ன, தாத்தாவாகிவிட்டான்! மூன்று வருஷம் என்னிடம் படித்தவன். பெயர் வரவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன்.

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் செல்கள் இறால் வலையைவிட நெருக்கமாகப் பின்னியிருக்கும். ரத்தத்தில் வருகிற கண்டதையும் உள்ளே விடாது. 1885இல் பால் எர்லிக் விலங்குகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்பெல்லாம் நிறம் மாறியது, மூளை மாறவில்லை. வயதானால் அந்தப் பின்னல் தளரும். பிரஷர் இருந்தால் இன்னும் மோசம். நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸில் கசிவு கூடுவதை 2015இல் ஸ்கேனில் கண்டார்கள்.

பெயர் மறந்ததற்கு இதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால், தலைசுற்றல் இல்லையே என்று ஆறு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தேன், கருவாட்டை நிறுத்தவில்லை. திட்டு வாங்கினேன். மாத்திரை மறுபடி ஆரம்பமாகிவிட்டது.

தம்பி, இதைப் படித்தால் கீழே உன் பெயரைப் போடப்பா.