மார்கழியும் நீச்சல் குளமும்

எங்கள் ஃபிளாட் நீச்சல் குளத்தில் மார்கழி வந்தால் ஈ, காக்கா இறங்காது. "அப்புறம் எதுக்கு சார் தண்டத்துக்கு மோட்டார்?" என்று மீட்டிங்கில் கேட்டவன் அடியேன்தான். (செகரட்டரி ஆன புதுசு!) நிறுத்தினோம்.

சென்னையில் டிசம்பர் ராத்திரியே 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். பாசிக்கு ஏது லீவு? பத்தே நாளில் தண்ணீர் பச்சைப் பசேல். கரன்ட்டில் மிச்சம் பிடித்தது குளோரினுக்கே காணவில்லை.

அதுகூடப் போகட்டும். வாட்ச்மேன் பெரியவர் கழியை விட்டுப் பார்த்துவிட்டு, "தரையே தெரியலியே சார்... புள்ள ஏதாச்சும் விழுந்து கெடந்தா எப்படித் தெரியும்?" என்றார். என் பையன் சைக்கிள் விடுவது அந்த ஓரத்தில்தான்.

இப்போது குளிர்காலத்திலும் தினம் நாலு மணி நேரம் மோட்டார் ஓடுகிறது. குளத்தடி டைல்ஸ் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸுக்கு பஸ் பிடிக்கிறேன்.