எக்... கார் போகாத தீவுல ஒரு ஃபேமிலி டூர்!

குடும்பத்தோட ஸ்காட்லாந்து போகணும்னு எந்த டிராவல்ஸ்காரரை வேணா கேட்டுப் பாருங்க. எடின்பரோ கோட்டை, லாக் நெஸ் ஏரி, கில்ட் கட்டிக்கிட்டு பேக்பைப் ஊதுறவர் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ... அஞ்சே நாள்ல முடிச்சு ஏர்போர்ட்டுல இறக்கிவிட்டுடுவார். தப்பில்லை பாஸ்! ஆனா, அதே அஞ்சு நாளையும் நம்ம காரைக்கூட கொண்டுபோக முடியாத ஒரு குட்டித் தீவுல கழிக்கலாம்னு சொன்னா, நீங்க வருவீங்களா?

தீவோட பேர் 'எக்'. ஆமா, முட்டைக்கு என்ன உச்சரிப்போ அதேதான். ஸ்பெல்லிங்ல நடுவுல ஒரு 'ஐ' எக்ஸ்ட்ரா, அவ்வளவுதான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில ரம், மக், கான்னானு மூணு பங்காளித் தீவுகளோட உட்கார்ந்திருக்கு. பரப்பளவு சுமார் 31 சதுர கிலோமீட்டர். மொத்த ஜனத்தொகை நூத்திச் சொச்சம். நம்ம காலேஜ்ல ரெண்டு செக்ஷன் சேர்ந்தாலே அதைவிட அதிகம்!

எங்க வீட்ல அடுத்த மே மாசத்துக்கு இந்தத் தீவைத்தான் பிளான் பண்ணிட்டிருக்கோம். அக்கா கிளாஸ்கோவில எம்.எஸ்ஸி. படிக்கிறா. படிப்பு முடிஞ்சதும் வேலை, கல்யாணம்னு எந்த ஊருக்குப் போவாளோ தெரியாது. அஞ்சு பேரும் ஒண்ணா கிளம்புற டூர் இனிமே எப்போ வாய்க்குமோ? அதனால சொதப்பக் கூடாது. அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு சுகர், தம்பிக்கு செல்போன் கையில இல்லைன்னா மூச்சே வராது. இந்த மூணு பேரையும் மனசுல வெச்சு நாங்க போட்ட கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

முதல் கேள்வி, ஏன் மே? அந்தப் பக்கம் மழை விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். வருஷம் பூரா இருப்பார். அவர் கொஞ்சம் ஓய்வெடுக்கிறது ஏப்ரல், மே, ஜூன்லதான். ஜூலை, ஆகஸ்ட் லீவுல போனா 'மிட்ஜ்' காத்திருக்கும். ரெண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி, கூட்டம் கூட்டமா வந்து கடிக்கும். நம்ம ஊர் கொசுவெல்லாம் ஜென்டில்மேன்! காத்து வீசினா மிட்ஜால பறக்க முடியாது. காத்து அடங்கின சாயங்காலம்தான் அதுக்கு டின்னர் டைம். மே கடைசியில அது தலைகாட்ட ஆரம்பிக்கும், ஆனா படையா வராது. முகத்துக்கு ஒரு வலை வாங்கி வெச்சுக்கறது எப்பவும் நல்லது. இன்னொரு லாபம், மே மாசத்துல ராத்திரி ஒன்பதரைக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும். அம்மா மெதுவா நடந்தாலும் இருட்டுறதுக்குள்ள வந்து சேர்ந்துடலாம்.

போறது எப்படி? கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா அஞ்சேகால் மணி நேரத்துல மாலேக் துறைமுகம். வண்டியில இடது பக்கமா உட்காருங்க. கிளென்ஃபினன் பாலம் வளைஞ்சு வளைஞ்சு வரும். 'ஹாரி பாட்டர்' படத்துல பறக்கிற காரும் ரயிலும் போகுமே, அதே பாலம்தான். 21 வளைவுகள், மொத்தமும் கான்கிரீட். சிவில் பசங்களே, அதுல இரும்புக் கம்பியே கிடையாது. 1901-லேர்ந்து ரயில் ஓடுது!

மாலேக்ல இருந்து கப்பல். 'லாக்நெவிஸ்'னு பேர். நேரா போனா ஒண்ணேகால் மணி நேரம். சிக்கல் இங்கதான் ஆரம்பம். இது நம்ம டவுன் பஸ் இல்லை. ஒவ்வொரு கிழமைக்கும் வேற வேற டைம், சில நாள் மத்த தீவுகளைச் சுத்திக்கிட்டு வரும். கடல் கொந்தளிச்சா கப்பலே கிடையாது. நீங்க வரிஞ்சு கட்டி நின்னாலும் கேப்டன் 'நோ'ன்னா நோதான். அதனால திரும்புற ஃப்ளைட்டுக்கும் தீவை விட்டுக் கிளம்புற நாளுக்கும் நடுவுல ரெண்டு நாளாவது சும்மா விட்டு வைங்க. ரெண்டு நாள் வேஸ்ட்டேனு அப்பா முனகினார். ஃப்ளைட்டை விட்டா எவ்வளவு ஆகும்னு அக்கா கணக்கு போட்டுக் காட்டினா. முனகல் நின்னுடுச்சு.

இந்தத் தீவு மேல எனக்கு லவ் வந்ததுக்குக் காரணம் பீச் இல்லை, கரன்ட்! பல தலைமுறையா எக் யாராவது ஒரு பணக்காரரோட சொத்தாவே இருந்தது. அவர் விற்பார், இன்னொருத்தர் வாங்குவார். குடியிருக்கிற ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க. வெறுத்துப்போன மக்கள் வசூல் பண்ணி, 1997 ஜூன்ல பதினைஞ்சு லட்சம் பவுண்டுக்குத் தீவையே வாங்கிட்டாங்க. அதுல பெரும் பகுதியைக் கொடுத்தது, பேர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி. அப்ப அங்கே இருந்தது அறுபத்தஞ்சு பேர் வாக்கில்தான்.

அப்ப வரைக்கும் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான். 2008 பிப்ரவரியில சொந்தமா ஒரு மின்சார கிரிட் போட்டாங்க. ஓடைத் தண்ணி, காத்து, சூரியன் மூணும் சேர்ந்து பேட்டரியை நிரப்பும். டீசல் வெறும் ஸ்டெப்னி. கரையில இருந்து கேபிள் கிடையாது, இருக்கிறதைப் பங்கு போட்டுக்கணும். ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்துல 5 கிலோவாட், கடைகண்ணிக்கு 10. தாண்டினா ஃபியூஸ் போன மாதிரி கட்! கெட்டில், வாஷிங் மெஷின், ஹீட்டர் மூணையும் ஒண்ணா போட முடியாது. அஞ்சு கிலோவாட்ல எத்தனை போன் சார்ஜ் போடலாம்னு தம்பி கவலையா கேட்டான். இருபது வாட் சார்ஜர்னா இருநூத்தி ஐம்பது போடலாம்டா, நிம்மதியா தூங்கு!

ரைஸ் குக்கரும் தாராளமா ஓடும். அரிசி, பருப்பு, ஊறுகாயை கிளாஸ்கோவிலேயே வாங்கிடணும். கப்பல் துறை பக்கத்துல ஒரு கடையும் கஃபேயும் இருக்கு. ஆனா, கப்பல் வராத வாரத்துல கடை அலமாரி எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கங்க. அதைவிட முக்கியம், ஆஸ்பத்திரி கிடையாது. அவசரம்னா ஹெலிகாப்டரோ உயிர்காப்புப் படகோ வரணும். அப்பாவோட மாத்திரையை ஒரு வாரத்துக்கு எக்ஸ்ட்ரா எடுத்து, ரெண்டு பையில பிரிச்சு வைக்கப் போறோம்.

சரி, அங்கே போய் என்ன பண்றது? நடக்கணும், அவ்வளவுதான். முழங்கால் நல்லா இருக்கிறவங்களுக்கு 'ஸ்கூர்' மலை. 393 மீட்டர்தான், ஆனா கறுத்த எரிமலைப் பாறை மதில் மாதிரி செங்குத்தா நிக்கும். பின்பக்கமா சுத்தி ஏறணும், போய் வர மூணு நாலு மணி நேரம். அம்மாவுக்கு அது வேண்டாம். அவங்களுக்கு லேக் கடற்கரை. எதிர்ல ரம் தீவோட மலைகள் கடலுக்குள்ள இருந்து எழுந்து நிக்கும். கொஞ்சம் தள்ளி 'பாடும் மணல்'னு ஒரு கரை. குவார்ட்ஸ் மணல், மிதிச்சா கீச்... கீச்னு கத்தும். காய்ஞ்சிருந்தாதான்! மழை பெய்ஞ்சா பாடகர் லீவு.

ஒரு இடத்துக்கு மட்டும் போகலாமா வேண்டாமானு வீட்ல இன்னும் விவாதம் ஓடுது. தெற்குக் கரையில ஒரு குகை இருக்கு. வாசல் ஒடுக்கம், குனிஞ்சு தவழ்ந்துதான் நுழையணும். 1577-ல எதிரிக் கூட்டம் வாசல்ல தீ மூட்டி, உள்ளே ஒளிஞ்சிருந்த கிட்டத்தட்ட நானூறு பேரையும் புகையிலேயே கொன்னதா சொல்றாங்க. கிட்டத்தட்ட மொத்தத் தீவும் அதோட முடிஞ்சது. 'டூர் போற இடத்துல அதெல்லாம் எதுக்கு?'ங்கிறாங்க அம்மா. 'அந்த ஊர்ல நடந்ததைத் தெரிஞ்சுக்காம மணல்ல மட்டும் விளையாடிட்டு வரவா?'ங்கிறா அக்கா. எனக்கு அக்கா கட்சி. ஆனா, டார்ச் எடுத்துட்டு வாசல் வரைக்கும் போய் அங்கே முடிவு பண்ணலாம்.

டென்ட் அடிக்க ஆசையா? ஸ்காட்லாந்துல 2003-ம் வருஷச் சட்டப்படி யாரோட நிலத்துலயும் பொறுப்பா நடக்கலாம், சின்ன டென்ட் போட்டுத் தங்கலாம். பயிர் நிலம், வீட்டு வாசல் மட்டும் கூடாது. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவரணும். அம்மாவை டென்ட்ல படுக்க வைக்கிற தைரியம் எங்க யாருக்கும் இல்லை. அதனால எங்களுக்குக் கூரை வேணும்.

கூரைதான் நிஜமான கஷ்டம். நூத்திச் சொச்சம் பேர் இருக்கிற ஊர்ல எத்தனை கட்டில் வாடகைக்கு இருக்கும்? விசாவுக்கோ பயணத்துக்கு மூணு மாசம் முன்னாடிதான் அப்ளை பண்ண முடியும், அது வரைக்கும் கட்டில் காத்திருக்காது. நம்ம வழக்கம் முதல்ல ஃப்ளைட், கடைசியில ரூம். எக்குக்கு அதைத் தலைகீழா மாத்துங்க. கேன்சல் பண்ணினா பணம் திரும்பி வர்ற மாதிரி முதல்ல கட்டில், அந்தத் தேதிக்குக் கப்பல், அப்புறம் விசா, கடைசியா ஃப்ளைட். நாங்க இப்போ முதல் படியில இருக்கோம். அக்கா நேத்து ராத்திரி மெயில் தட்டிட்டா, அஞ்சு கட்டில் கேட்டு.