லாங் ஐலண்டு செல்லும் வழியில்

கரக்பூரில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றும் நான், தமிழ்நாட்டுக்கு மாற்றல் வேண்டி ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தேன். என் மகளோ இங்கேயே பிறந்தவள். செய்தி கேட்டதும் அழுதுவிட்டாள். அந்த மனக்குழப்பத்துடனேயே, சென்ற தை மாதம் கொல்கத்தாவில் கப்பலேறி அந்தமான் சென்றேன்.

ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரிலிருந்து லாங் ஐலண்டுக்குப் படகில் புறப்பட்டேன். வழியில் ஸ்ட்ரெய்ட் தீவு தென்பட்டது. கிரேட் அந்தமானியப் பழங்குடியினரில் எஞ்சிய சிலரை 1970ஆம் ஆண்டை ஒட்டி அரசாங்கம் குடியமர்த்திய இடம் அது. அதைக் கண்டதும் தூத்நாத் திவாரியின் வரலாறு நினைவுக்கு வந்தது.

சிப்பாய்க் கிளர்ச்சியில் தண்டனை பெற்ற திவாரி, 1858 ஏப்ரலில் வேறு கைதிகளுடன் ராஸ் தீவிலிருந்து தப்பினார். பழங்குடியினர் தாக்கியதில் உடன்வந்தோர் பலர் மாண்டனர். அம்பு தைத்த திவாரியையோ அவர்கள் கொல்லாது தம்முடன் வைத்துக்கொண்டனர். லீபா என்னும் பெண்ணை மணமுடித்தும் கொடுத்தனர். ஓராண்டுக்குப்பின் அவர்கள் ஆங்கிலேயர் குடியிருப்பைத் தாக்கப் புறப்பட்டபோது, திவாரி முன்னதாகவே ஓடிச்சென்று அதிகாரிகளிடம் தெரிவித்துவிட்டார். 1859 மே 17 அன்று அபர்தீனில் அம்புகள் துப்பாக்கியின்முன் தோற்றன. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. லீபா காட்டிலேயே நின்றாள்.

அமெரிக்காவிலோ இதற்கு நேர்மாறான கதை ஒன்றுண்டு. 1836இல் டெக்சாசில், குடியேறியோர் கோட்டையிலிருந்து கொமாஞ்சி மக்கள் கவர்ந்து சென்ற சிந்தியா ஆன் பார்க்கர் என்னும் சிறுமி, அவர்களுள் ஒருத்தியாகவே வளர்ந்து, மணந்து, தாயானாள். 1860இல் படையினர் அவளைப் பிடித்து உறவினரிடம் சேர்த்தனர். பிறந்த குலத்தார் 'மீட்பு' என்றனர். அவளுக்கோ அது இரண்டாம் சிறை. பிரிந்த பிள்ளைகளை எண்ணி ஏங்கியே மாண்டாள்.

லாங் ஐலண்டில் இறங்கினேன். மர வேலைக்காகப் பல மாநிலங்களிலிருந்தும் வந்தோர் குடியேறிய சிற்றூர் அது. ஒட்டுப்பலகை ஆலை மூடப்பட்ட பின்னரும் பல குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. படகுத்துறையில் விளையாடிய தமிழ்ச் சிறுவன் ஒருவனை, "தம்பி, உனக்கு எந்த ஊர்?" என்றேன். "இதுதாங்க" என்றான், வியப்புடன். அவன் தந்தையின் ஊர் எதுவோ, நான் கேட்கவில்லை.

நம்மை ஏற்றுக்கொண்ட மண்ணுக்கு நாம் கடன்பட்டவர்கள். அம்மண்ணிலேயே வளர்ந்த குழந்தைக்கோ அதுவே தாயகம். மாற்றல் விண்ணப்பம் இன்னும் மேசை அறையிலேதான் இருக்கிறது. மகளைக் கேளாமல் அதை அனுப்புவதில்லை எனத் தீர்மானித்துள்ளேன்.