கச்சான் காற்றும் தோப்பூர்ப் பாதைகளும்

துவிச்சக்கர வண்டியில் ஊர் பார்க்கப் புறப்படுவோர் முதலிற் கேட்பது "எவ்வளவு தூரம்?" என்பதே. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கத்திலுள்ள தோப்பூரில் அதற்கு முன்பாக வேறொன்றைக் கேட்டாக வேண்டும். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதே அது.

மகாவலி கங்கை 335 கிலோ மீற்றர் ஓடிவந்து, ஒரு கிளையாற் கொட்டியாரக் குடாவிலும், வெருகலாறு என்னும் மற்றொரு கிளையால் அதற்குத் தெற்கேயும் கடலிற் கலக்கின்றது. இவ்விரு கிளைகளுக்கும் இடைப்பட்ட நிலத்திலேதான் தோப்பூரும் அதன் அயற்கிராமங்களும் அமைந்திருக்கின்றன. ஆறு கொணர்ந்து பரப்பிய நிலத்தில் மேடு ஏது, பள்ளம் ஏது? நுவரெலியாவில் மலை செய்யும் வேலையை இங்கே காற்றுச் செய்கிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தன்னிடமுள்ள மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிற் கொட்டிவிட்டு, வெறுங்கையுடன் வறண்டு இப்பக்கம் வருகிறது. கிழக்கு மாகாணத்தார் இதனைக் கச்சான் என்பர். கோடை என்ற சொல் பழந்தமிழில் மேல்காற்றையும் குறித்தது என்பதை மாணவர்கள் படித்திருப்பார்கள். அதன் பொருளை உடம்பால் உணர்ந்துகொள்ள விரும்புவோர் ஆனி மாதத்து நண்பகலில் இங்கே மேற்கு நோக்கி ஒரு மைல் மிதித்துப் பார்க்கலாம்.

கடற்கரையை நோக்கிப் போகும் பாதையே எல்லோரையும் முதலில் இழுக்கிறது. தோப்பூரிலிருந்து வடகிழக்கே இலக்கந்தைப் பக்கம் காலையிற் புறப்பட்டால், கச்சான் முதுகிலே கைவைத்துத் தள்ளிவிடும். பாடிக்கொண்டே போகலாம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். சென்ற கோடையில் அவ்வழியே வந்த மாணவர் கூட்டமொன்றைக் கண்டோம். பெரிய பையன்கள் வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள். அம்மாதத்திலேதான் வண்டி பழகியவள் போலத் தோன்றிய ஒரு சிறுமியும் அவள் தம்பியும் உச்சி வெயிலில் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னே வந்தார்கள். தண்ணீர்ப் போத்தல் முன்னே போனவர்களிடம் இருந்தது. நாம் கொடுத்த நீரைக் குடித்துவிட்டு அச்சிறுமி, "இனி நான் வரமாட்டேன்" என்றாள். பாதையில் ஒரு குறையும் இல்லை, அப்பாதை அவளுக்கானதன்று. கூட்டத்தில் வலியவன் யார் என்று பாராமல், இளைத்தவர் யார் என்று பார்த்து வழி வகுப்பதே முறை என்று நாம் கருதுகிறோம். தண்ணீர் எப்போதும் கடைசி வண்டியில் இருக்க வேண்டும்.

புதிதாகப் பழகியோர்க்கும் முழங்கால் நோவுள்ள பெரியோர்க்கும் ஏற்றவை வாய்க்காற் கட்டுகளே. அல்லைத் திட்டத்து வாய்க்கால்கள் கோடையிலும் நீரோடு இருப்பதனால், மற்றைய நிலமெல்லாம் காய்ந்து கிடக்கும் ஆடி மாதத்திலும் இங்கே சிறுபோக வயல்கள் பச்சென்றிருக்கும். ஒருபுறம் நீர், மறுபுறம் நெல். நடுவே கிரவல் போட்ட ஒற்றைப் பாதை. கொக்கும் நாரையும் எழும்பிச் சற்றுத் தள்ளிப் போய் மீண்டும் இறங்கும். காலை ஆறு மணிக்குக் காற்று இன்னும் உறங்கிக் கொண்டிருக்கும். முதற் பாதி வழியை மேற்கு நோக்கியே மிதித்து, எட்டு மணிக்குத் திரும்பினால், அப்பொழுதுதான் விழித்த காற்று வீட்டிற்குக் கொண்டுவந்து விடும். எந்த இடத்திலும் திரும்பிவிடலாம் என்பது இப்பாதையின் பெருஞ் சிறப்பு. பெல்ஜியம் நாட்டின் லிம்பர்க் மாகாணத்தில் 1995-இல், சுரங்கப் பொறியியலாளரான ஹூகோ பொலன் என்பார், துவிச்சக்கர வண்டிப் பாதைகள் கூடும் சந்திகளுக்கெல்லாம் இலக்கமிட்டு ஒரு முறையை ஏற்படுத்தினார். இலக்கங்களைக் குறித்துக்கொண்டு புறப்படுவோர், களைத்தால் இடையிலே ஒரு சந்தியிற் குறுக்கே திரும்பிக்கொள்ளலாம். தோப்பூர் வயல்வெளியில் மதகுகளே அவ்வேலையைச் செய்கின்றன. "மூன்றாம் மதகு வரை" என்று ஒரு சிறுவனிடம் சொன்னால் அவனுக்கு விளங்கும். கிலோ மீற்றர்க் கணக்கு விளங்காது.

இவ்வாய்க்கால் நீரைப் பற்றி ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2006-இல் மாவிலாற்று அணை மூடப்பட்டு, அதனையொட்டிப் போர் மூண்டது. மூதூர், தோப்பூர் மக்கள் கைக்குழந்தைகளுடன் கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். சம்பூர் மக்கள் தம் ஊருக்கு மீளப் பத்து ஆண்டுகள் வரை ஆயிற்று. அக்காலத்துப் பிள்ளைகள் பலர் அடுத்த கிராமத்திற்குப் போகும் வழியையே அறியாமல் வளர்ந்தார்கள். இப்பொழுது அவர்களே தாய் தந்தையராகித் தம் பிள்ளைகளை வண்டியின் பின்னாசனத்தில் ஏற்றிச் செல்கிறார்கள். அவர்களிடம் வழி கேட்டால், சில இடங்களைச் சுட்டும்போது குரல் தாழ்கிறது. நாம் மேலே கேட்பதில்லை.

சற்றுப் பழகியவர்கள் கிளிவெட்டிக்கும் சேருவிலைக்குமாக ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். தென்மேற்கே உள்ள கிளிவெட்டிக்கு விடியலிற் போய்விட வேண்டும். பெரிய வீதியில் பேருந்துகள் வேகமாக வருவதால் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதே நன்று. இச்சுற்றில் தோப்பூர்ப் பள்ளிவாசலின் பாங்கொலியையும், கிளிவெட்டி மாரியம்மன் கோவில் மணியையும், சேருவிலை விகாரையின் வெண்ணிறத் தூபியையும் ஒரே காலைப்பொழுதிற் கேட்டும் கண்டும் திரும்பலாம். காவந்தீச மன்னன் கட்டியதாகப் பௌத்த மரபு கூறும் இத்தூபியிலிருந்து மகாவலிக் கரை வழியே சிவனொளிபாத மலை வரை பழைய யாத்திரைப் பாதையொன்று இருந்தது. அது 2010 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. விகாரையின் நிழலில் ஒரு மணி நேரம் தங்குதல் நலம். ஆயினும் அந்திக்கு முன் இப்பகுதியை விட்டுவிட வேண்டும். சேருவிலைக் காடுகளில் யானை உண்டு. அது மணியடித்தால் ஒதுங்காது.

மூதூருக்குப் போகும் வழி நடுத்தரமானது. நிதானமாக மிதித்தால் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். முன்னாளிலே திருகோணமலைப் பட்டினத்திலிருந்து இங்கே வருவோர் குடாவை லாஞ்சியிற் கடப்பர். அன்றேல் துறைதோறும் பாதையில் வண்டியை ஏற்றி இறக்குவர். பாதை என்று இங்கே சொல்வது நீர்த்துறையில் வண்டிகளைக் கடத்தும் மிதவையை. 2009-இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் இக்கதை மாறிற்று. மூதூரில், ஆங்கிலேய மாலுமி றொபேர்ட் நொக்ஸ் 1660-இல் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டதைக் குறிக்க 1893-இல் நாட்டிய கல்லை மாணவர்கள் கேட்டுப் பார்க்கலாம். பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டிற் சிறையிருந்து தப்பியவர் எழுதிய நூல் 1681-இல் வெளிவந்தது.

வலிமையுள்ள இளைஞர்க்கு வெருகல் இருக்கிறது. சித்திர வேலாயுத சுவாமி கோவில் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. கோடையிலே கதிர்காமத்திற்கு நடந்து செல்லும் அடியார்கள் இவ்வழியே போவர். வேலும் மூட்டையுமாக வெறுங்காலில் நடக்கும் மூதாட்டிகளைக் கடந்து செல்லும்போது வண்டியோட்டியின் வேகப் பெருமை சற்றே குறைந்துவிடும். அங்கே போவோர் ஒரே நாளில் மீள எண்ண வேண்டா. தென்கிழக்கே போனவர்க்குத் திரும்பும் வழி முழுவதும் கச்சான் எதிரே நிற்கும்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை சில. பழகுவோர்க்கு இருக்கையைத் தாழ்த்தி, இரு பாதமும் நிலத்திற் படும்படி வைக்க வேண்டும். நெடுந்தூரம் போவோர்க்கு அதனை உயர்த்தி, மிதி கீழே இருக்கையில் முழங்கால் சிறிதே மடங்கி நிற்குமாறு அமைத்தால் நோவு வராது. மணற்பாங்கான வழியிற் சக்கரத்துக் காற்றைச் சிறிது குறைக்கலாம். தார் வீதிக்கு வந்ததும் அடித்துக்கொள்ள பம்பு வேண்டும். ஒட்டுப் போடும் சாமான் ஒரு வண்டியிலாவது இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் நிழல் தேடிக்கொள்ளுங்கள். பருவத்திலே வழியோரம் வத்தகப்பழமும் பாலைப்பழமும் விற்பார்கள். பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டும். பிள்ளைகள் அதையும் விரும்புகிறார்கள். எருமைத் தயிர்ச் சட்டி வாங்குவோர் அதனைத் திரும்பும் வழியில் வாங்குவதே நன்று. கிரவற் பாதையிற் குலுங்கி வீடு வந்து சேர்ந்த தயிரை மோர் என்றுதான் சொல்ல வேண்டும்.