மீன் ஏத்துற வேனும் சைலன்சர் புகையும்

பழவேற்காடு பக்கம் மீன் ஏத்த பழைய ஆம்னி வெச்சிருக்கீங்களா? இந்த த்ரெட் உங்களுக்குத்தான்.

போன மாசம் காலைல குப்பத்துலேர்ந்து மூணு பேர் வந்தாங்க. மூணு பேருக்கும் தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு. "ராத்திரி சாப்ட்ட நண்டு ஒத்துக்கல டாக்டர்"னாங்க. காய்ச்சல் இல்ல, வயித்துப்போக்கும் இல்ல. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் 98 காட்டுது.

"எதுல வந்தீங்க?"னு கேட்டேன். ஐஸ் பெட்டி அடங்காததால பின்கதவைத் தூக்கிக் கயித்துல கட்டின வேன். சைலன்சரும் புதுசா மாத்தினதாம்.

கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஹீமோகுளோபின்ல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதான் 98. வெறும் காத்துல இருந்தா இதுல பாதி வெளியேறவே 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் வெச்சு முழு ஆக்சிஜன் கொடுத்தா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள. கொடுத்தோம், மதியத்துக்குள்ள தெளிஞ்சுட்டாங்க.

அப்புறம் வேனுக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். (டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு டிரைவர் ஒரு மாதிரி பாத்தார்.) குழாய் பின் ஆக்ஸிலுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. ஏன்னா அந்த இடம்தான் கஷ்டம். லோடு ஏறினாலோ பள்ளத்துல விழுந்தாலோ ஆக்ஸில் மேல ஏறும். குழாய் அதுல இடிக்காம வளைஞ்சு போகணும், பிரேக் ஹோஸ், பெட்ரோல் லைன் பக்கமும் போகக்கூடாது. ஜாக்கில தூக்கி, சக்கரம் தொங்கும்போது இடைவெளி பாத்தா ஏமாந்துடுவோம். முழு லோடுல பாக்கணும். வளைக்க மிஷின் இல்லன்னா வெட்டி விடறதுதான் சுலபம்.

வெட்டினா புகை தரைக்கு அடியிலேயே தங்கும். உப்புக்காத்துலயும் ஐஸ் தண்ணிலயும் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்த தரை வழியா உள்ள வரும். குழாய் சரியா இருந்தாலும், பின்கதவைத் திறந்து ஓட்டினா வண்டி பின்னாடி சுழல்ற காத்து புகையை உள்ளே இழுக்கும். இது பல பேருக்குத் தெரியாது.

அதனால குழாய் முனை பாடியைத் தாண்டி வெளிய வரட்டும். ரப்பர் ஹேங்கரை எடுத்துட்டுக் கம்பி கட்டாதீங்க, ஆட்டத்துல வெல்டு விட்டுடும். தரை ஓட்டைக்குத் தகரம் வெச்சு அடைங்க. பின்கதவு மூடாத அளவுக்குப் பெட்டி ஏத்தாதீங்க, ரெண்டு நடை போங்க.

வண்டில இருக்கிற எல்லாருக்கும் ஒண்ணா தலை வலிச்சா உடனே இஞ்சினை நிறுத்தி இறங்குங்க. ஆஸ்பத்திரிக்கு வேற வண்டில வாங்க. வந்ததும் "வேன்ல வந்தோம், புகை"ன்னு முதல்ல சொல்லுங்க.